கேளாமல் நட்ட எல்லைக்கல்

மாரி தொடங்கிக் கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் பெருகிச் சுண்டிக்குளக் கடல்நீரேரியை நிரப்பும் காலத்தில், கடல் கடந்து பறவைகள் அங்கு வந்திறங்குகின்றன. பூநாரைக் கூட்டம் ஆழங்குறைந்த நீரில் வரிசையாய் நிற்கும் காட்சியை எமது வாசகர் பலர் கண்டிருப்பர். பனையும் பற்றைக்காடும் கண்டலும் சூழ்ந்த அவ்விடம் காக்கப்படவேண்டிய இடம் என்பதில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி அன்றைய ஆட்சி அதனைச் சரணாலயமாக்கிற்று. அதன் பின்னரும் பறவை வந்தது; வயல் விளைந்தது; வலை வீசப்பட்டது. ஒன்றுக்கொன்று இடையூறாயிருக்கவில்லை.

ஆதலின் நாம் இன்று எழுதப் புகுந்தது பறவைகளுக்கு எதிராக அன்று. 2015ஆம் ஆண்டு யூன் 22ஆம் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல் பற்றியும், அதனைப் பின்பற்றி மக்களின் வேலியோரங்களில் எழுந்துள்ள எல்லைக்கற்கள் பற்றியுமே எழுதுகிறோம்.

அந்த ஒரே நாளில் வடமாகாணத்தில் நான்கு தேசியப் பூங்காக்கள் பிறந்தன. மடு வீதிப் பூங்கா 63,067 ஹெக்டயர், சுண்டிக்குளம் 19,565, ஆதாம் பாலம் 18,990, நெடுந்தீவு 1,846. கமக்காரர் கணக்கிற் சொன்னால் சுண்டிக்குளம் மாத்திரம் ஏறத்தாழ 48,000 ஏக்கர். 1938இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தின் பரப்போ 11,149 ஹெக்டயர்தான். எனவே 77 ஆண்டுகளுக்குப் பின் எல்லை மேலும் 20,000 ஏக்கருக்கு மேலாக அகன்றிருக்கிறது. நெடுந்தீவின் கதை இன்னும் வியப்பானது. முழுத்தீவும் ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். அதில் 18 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது பூங்கா. மட்டக்குதிரைகளுக்கு இடம் வேண்டும் என்பது நியாயமே. மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட தீவைக் கோட்டுக்குள் அடக்குமுன் தீவாரை ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும் என்பதும் நியாயமே.

சரணாலயம் தேசியப் பூங்காவாவதில் என்ன வேற்றுமை என்று கேட்போருக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்வது எமது கடமை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்விரண்டையும் வேறுவேறாகவே வைத்துள்ளது. சரணாலய எல்லைக்குள் அரச காணியும் இருக்கலாம், தனியார் காணியும் இருக்கலாம். தன் உறுதிக் காணியில் ஒருவன் குடியிருக்கலாம், பயிரிடலாம். தேசியப் பூங்காவோ அரச காணியில் மாத்திரமே அறிவிக்கத்தக்கது. அறிவித்தபின் அனுமதியின்றி அதற்குள் நுழைவதும் குற்றம். காடு வெட்டுவதும் பயிரிடுவதும் கட்டடம் எழுப்புவதும் குற்றம். ஆகவே ஒரு நிலம் சரணாலயத்திலிருந்து பூங்காவுக்கு மாறும்போது, அங்கே பயிரிட்டு வந்தவன் தன் வயலுக்குள்ளேயே குற்றவாளியாகிறான். அல்லது அவனது நிலம் அரச காணியன்று என்பதை எவரேனும் அதற்குமுன் ஆராய்ந்து, எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கவேண்டும்.

அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் யார்? எந்த ஊரில், எந்த மரத்தின் கீழிருந்து செய்தனர்? இதுவே எமது வினா.

சட்டம் இதற்கு விடை சொல்லவில்லை. அமைச்சர் வர்த்தமானியில் கட்டளையிட்டால் அது பூங்கா. உரித்துக் கோருவோரை முன்கூட்டி அழைக்கவேண்டும், ஊரில் விசாரணை நடத்தவேண்டும், ஆட்சேபத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவிற் காணப்படவில்லை. இன்னொரு வேடிக்கையையும் வாசகர் நோக்கவேண்டும். ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட எல்லையை மாற்றுவதாயின், அதனாற் சூழலுக்கு நேரும் விளைவு பற்றி ஆய்வு நடத்தப்படவேண்டும் என்று திருத்தச் சட்டம் விதிக்கிறது. நல்ல விதி, அதனை நாம் வரவேற்கிறோம். காட்டைக் குறைக்குமுன் காட்டின் கதி என்ன என்று கேட்கும் சட்டம், வயலை வளைக்குமுன் வயலோன் கதி என்ன என்று கேட்கவில்லை.

'அரச காணியில் மாத்திரந்தானே பூங்கா? பின்னர் அச்சமெதற்கு?' என்று கொழும்பிலிருந்து ஒரு குரல் கேட்கும். அரச காணி என்பது எது என்ற கேள்வியிலேதான் சூட்சுமம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாயும் தரிசாயும் குடியிருப்பாரற்றும் பயிரிடப்படாதும் கிடக்கும் நிலம் முடிக்குரியது என்று ஊகித்துக்கொண்டது. அன்றென நிரூபிக்கும் சுமையைக் குடியானவன் தலையில் ஏற்றிற்று. கோப்பித் துரைமாருக்காக எழுந்த அந்த ஊகம் இன்றும் எமது நிர்வாகத்தின் எலும்புக்குள் ஊறிக் கிடக்கிறது. அந்தக் கண்கொண்டு போருக்குப் பிந்திய வன்னியைப் பாருங்கள். தொண்ணூறுகளிலிருந்து மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, 2009இல் உடுத்த துணியோடு முகாமுக்குப் போனவன் விட்டுச்சென்ற வயல் எத்தனை மாரி கண்டிருக்கும்? பற்றை முளைத்தது, பாலையும் வீரையும் தலைகாட்டின. வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது காடு. ஊரவனுக்கு அது இன்னாரின் பாட்டன் வரம்பு கட்டிய நிலம். பயிரிடாமல் விட்டது அவன் விருப்பமா?

இது தமிழருக்கு மாத்திரம் நேர்ந்த இடர் என்று நாம் சொல்லோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முசலிப் பகுதி முஸ்லிம் மக்கள், இருபது ஆண்டு கழித்து மீண்டபோது தம் ஊர்களைக் காடு மூடியிருக்கக் கண்டனர். 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்குக் காடென அறிவிக்கப்பட்டது. பின்னர் அவர்கள் குடியேறியது 'வில்பத்துவை அழித்தல்' என்று தென்னிலங்கையெங்கும் முழங்கப்பட்டது. அவர்களை விரட்டிய பழி எம்மவர் ஒரு பகுதியினருடையது என்பதை மறைத்துக்கொண்டு நாம் நியாயம் பேச முடியாது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானை வேடர் தம் வேட்டைக்காட்டை இழந்தனர். அக்காட்டைத் தலைமுறை தலைமுறையாய் அழியாது வைத்திருந்தவர்கள் அவர்களே. பலர் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். முதிய தலைவர் திசாகாமியோ போகமாட்டேன் என்று மறுத்து நின்றார். கேளாமல் எல்லை போடும் வழக்கத்துக்கு இனபேதமில்லை. எளியவன் யாராயினும் அவன்மீது அது விழும்.

அண்மையில் பரந்தனுக்குக் கிழக்கேயிருந்து ஒரு முதியவர் எம்மிடம் வந்தார். பிஸ்கற்றுத் தகரம் ஒன்றில் அவரது வாழ்வு முழுவதும் இருந்தது. தகப்பனார் பெயரில் காணி அனுமதிப்பத்திரம் ஒன்று, ஓரம் கரிந்தபடி. கமநல வரிப் பற்றுச்சீட்டு இரண்டு. மடித்து மடித்து நூலாய்ப் போன ஒரு வரைபடம். அவரது வயலின் மேற்கு வரம்புக்கு இப்பால் ஒரு கல் நாட்டப்பட்டிருக்கிறது. நாட்டியவர்களிடம் கேட்டதற்கு ஒரு கடிதம் கொடுத்தார்களாம். கடிதம் சிங்களத்தில் இருந்தது. எந்த அலுவலகம் என்று இங்கு எழுதி அங்குள்ள சிற்றூழியர் எவரையும் நாம் தொல்லைக்குள்ளாக்க விரும்பவில்லை. ஆனால் அரசியலமைப்பு வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியிருக்கையில், தன் வயல் தனதன்று என்று சொல்லும் கடிதத்தை ஒரு மனிதன் வாசிக்க முடியாதிருப்பது எவ்வகை நிர்வாகம்? 'தம்பி, இதில வெட்டச் சொல்லியிருக்கோ, வெட்ட வேண்டாமெண்டோ?' என்று அவர் எம்மைக் கேட்டார். விளைந்து நின்ற நெல்லைப் பற்றிய கேள்வி அது. நாம் வாசித்துச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. தகரத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

அவரது பத்திரம் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. 1935ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, அனுமதிப்பத்திரக் காணியை எத்தனை ஆண்டு திருத்திப் பயிரிட்டாலும் அது சட்டத்தின் கண்ணில் அரச காணியே. தனியார் ஒருவர் போர்க்காலத்தில் அவரது நிலத்தில் இருந்துகொண்டு ஆட்சியுரிமை கோரியிருந்தால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் அது விதித்த தவணைக்குள் கைகொடுத்திருக்கும். எதிராளி அரசாங்கமேயாயின் அப்போதும் அச்சட்டம் அவருக்கு உதவியிராது.

வழக்குப் போடலாமே என்பர். எமது தொழில் அதுவாதலின் அதையும் சொல்லிவிடுகிறோம். அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் செல்வதாயின் ஒரு மாதத்துக்குள் செல்லவேண்டும். எழுத்தாணைக்கு மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாமென்றால், அரச காணி மாகாண அதிகாரத்துட்பட்டதன்று என்று 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எனவே கண்டாவளைக் கமக்காரன் புதுக்கடைக்குப் போகவேண்டும். அங்கே அப்புக்காத்து அமர்த்தவேண்டும். ஒரு போக விளைச்சல் பயணத்திலேயே போய்விடும்.

ஒரு மாதம் என்றோம். இவ்விடத்தில் எம்மையும் நாம் குறைகூறிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அறிவித்தல் யூன் 22ஆம் திகதி. நாலாம் நாள், யூன் 26இல், பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஓகஸ்ட் 17இல் தேர்தல். அந்த ஒரு மாதம் முழுவதும் எமது சட்டத்தரணிகளும் தொண்டர்களும், இதனை எழுதுவோர் உட்பட, மேடையில் நின்று காணியுரிமை பற்றி முழங்கிக்கொண்டிருந்தோம். காணியைப் பற்றிய வர்த்தமானியை எம்மில் எவரும் விரித்துப் பார்த்ததாய் நினைவில்லை. மாகாண சபையும் அப்போது இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

பூங்காவின் கோடு நிற்குமிடத்தோடு சட்டம் நின்றுவிடுவதுமில்லை. கட்டளைச் சட்டத்தின் 9அ பிரிவு, தேசிய ஒதுக்கின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எவ்வகை அபிவிருத்தி வேலையாயினும், செய்பவர் தனியாராயினும் அரசாயினும், வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றிச் செய்யலாகாது என்கிறது. அனுமதிக்குச் சூழல் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பெரிய உல்லாச விடுதிகளையும் ஆலைகளையும் தடுத்துநிறுத்த இது மிகச் சிறந்த ஆயுதம். இதனை எவரும் தளர்த்தக்கூடாது என்பது எமது துணிபு. ஆயினும் 'எவ்வகை அபிவிருத்தியும்' என்ற சொல் கடலளவு அகன்றது. கிணறு வெட்டுவது அதனுள் அடங்குமா? சூடடிக்கும் களத்துக்குச் சீமெந்து போடுவது? மகளுக்குச் சீதனமாய் வளவில் இன்னொரு வீடு கட்டுவது? சட்டப் புத்தகம் வாய்திறவாதவிடத்து அலுவலரின் வாயே சட்டமாகிறது. விடுதிக்காரனுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதக் கொழும்பில் ஆளுண்டு. கிணறு வெட்டுபவனுக்கு யார் எழுதுவார்?

வேலி எளியவனுக்கு மாத்திரமே உயரமானது என்பதற்கு மன்னாரே சாட்சி. விடத்தல்தீவு 2016ஆம் ஆண்டு மார்ச்சில் இயற்கை ஒதுக்கமென அறிவிக்கப்பட்டது. 29,180 ஹெக்டயர் கண்டலும் சேற்றுநிலமும் கடற்புல்லும் அதனுள் அடங்கின. 2024 மே மாதத்தில் அதிலிருந்து 168 ஹெக்டயர் நீர்வாழுயிர் வளர்ப்புக்கென ஒரு வர்த்தமானியால் வெட்டி எடுக்கப்பட்டது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் ஏறவேண்டியதாயிற்று. கமக்காரன் வரம்பிலே ஓரடி விட்டுக்கொடுக்க முடியாத காட்டை, இறால் பண்ணைக்காக 400 ஏக்கருக்கு மேல் விட்டுக்கொடுக்க முடிந்ததெனின், காப்பது காட்டையா, கையெழுத்தின் அதிகாரத்தையா?

அயல்நாட்டுச் சட்டத்தை ஒப்புநோக்குவது வழக்கறிஞரின் பழக்கம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, பூங்கா அமைக்கும் எண்ணத்தை அரசு முதலில் வெளியிடுகிறது. பின்னர் மாவட்டக் கலெக்டர் அப்பகுதியிலும் அயலிலுமுள்ள ஊர்தோறும் அவ்வூர் மொழியில் பிரகடனம் செய்கிறார், இரண்டு மாதத்துக்குள் உரித்துக் கோரச் சொல்கிறார், கோரியவற்றை விசாரிக்கிறார். அவை தீர்ந்த பின்னரே பூங்கா பூங்காவாகிறது. அங்கே நடைமுறை பழுதின்றி நடக்கிறதென்று நாம் வாதாடவில்லை. ஆதிவாசிகள் அங்கும் வதைபடுகின்றனர். ஆனால் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது, தட்டலாம்.

இந்தியாவுக்குப் போவானேன்? 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான காணி நிர்ணய அறிவித்தலை வாசகர் மறந்திருக்கமாட்டீர்கள். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரித்துக் காட்டாவிடின் அரச காணியென நிர்ணயிக்கப்படும் என்றது அது. பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்தது. நாடு கொதித்தெழுந்தது, உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது, அரசாங்கமும் பின்வாங்கியது. நன்று. ஆயின் அந்த அறிவித்தலிலாவது மூன்று மாதத் தவணை இருந்தது. அதனினும் எட்டு மடங்கு பெரிய சுண்டிக்குளத்து அறிவித்தலில் ஒரு நாட் தவணையும் இருக்கவில்லை, நாமும் கொதிக்கவில்லை. பூங்கா என்ற சொல் எங்கள் காதுக்கும் இனிமையாய் ஒலித்தது போலும்.

எம்மவர் யாவரும் குற்றமற்றவர் என்ற பாவனையும் எமக்கில்லை. கல்லாற்றுப் பக்கத்தில் இரவோடிரவாய் மணல் அள்ளுவோர் ஏழைக் கமக்காரர் அல்லர். உழவு இயந்திரமும் டிப்பரும் செல்வாக்கும் உடையோர். காட்டை வெட்டிக் காணி பிடித்து, பிடிபட்டால் 'மீள்குடியேறிய மக்களின் வயிற்றிலடிக்கிறார்கள்' என்று கூக்குரலிடும் கனவான்களும் எமது மேடைகளிலேயே முன்வரிசையில் அமர்கின்றனர். ஒழுங்கான விசாரணை ஒன்று நடந்தால் முதலில் அம்பலப்படுவோர் அவர்களே. விசாரணை வேண்டுமென்று நாம் கேட்கும்போது அவர்களிற் சிலர் மௌனமாயிருப்பதன் காரணத்தை வாசகரே ஊகித்துக்கொள்க.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. நான்கு பூங்காக்களின் எல்லை வரைபடமும் தமிழில், கிராம அலுவலர் பிரிவுதோறும் தொங்கவிடப்படவேண்டும். நீதித்துறை அனுபவமுள்ள, தமிழில் விசாரிக்கத்தக்க ஒருவர் அந்தந்த ஊரிலேயே அமர்ந்து உரித்துக் கோரிக்கைகளைக் கேட்கவேண்டும். ஆவணம் அழிந்தவனை 'ஆவணம் கொண்டுவா' என்று திருப்பியனுப்பக்கூடாது. தொலைந்த பத்திரத்துக்கு இரண்டாந்தரச் சான்று ஏற்கத்தக்கது என்று எமது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. அயற்காணி உறுதியில் எல்லையாய்க் குறிக்கப்பட்ட பெயர், நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத்தில் வயலென்றும் குளமென்றும் கீறப்பட்டிருப்பது, 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட பதிவேடு, இவையெல்லாம் சாட்சி பேசும். அனுமதிப்பத்திரக் காணியும் உறுதிக் காணியும் எல்லைக்குள் அகப்பட்டிருப்பின் எல்லையைத் திருத்தவேண்டும். சூழல் ஆய்வும் அதனோடு சேர்ந்தே நடக்கட்டும். அதுவரை இந்தக் கற்களை வைத்து எவர்மீதும் வழக்குத் தொடுக்கக்கூடாது. இனிமேல் அறிவிக்கப்படும் எந்த ஒதுக்குக்கும் முன்விசாரணையைக் கட்டாயமாக்கி இரண்டாம் பிரிவு திருத்தப்படவேண்டும். பதின்மூன்றாம் திருத்தம் விதித்த தேசியக் காணி ஆணைக்குழுவை இதுவரை ஓர் அரசாங்கமும் அமைக்கவில்லை. அது இருந்திருந்தால் இவற்றையெல்லாம் ஒரு வார இதழின் ஆசிரிய தலையங்கத்தில் எழுதவேண்டிய தேவை நேர்ந்திராது.

எமது மக்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கல்லைப் பிடுங்கி எறியாதீர்கள். அது குற்றமாகும், உங்கள் உரித்தையும் பலவீனமாக்கும். கல் நாட்டப்பட்ட திகதியையும், உங்கள் வரம்பிலிருந்து அது எத்தனை முழம் என்பதையும் எழுதி, அயலார் இருவரின் ஒப்பத்தோடு பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் கேட்டுக்கொண்டால் எமது சட்டத்தரணிகள் ஊருக்கே வந்து பத்திரங்களைப் பார்வையிட ஆயத்தமாயுள்ளனர், கட்டணமில்லை. வருவோர் கமநல சேவை நிலையத்திலுள்ள காணிப் பதிவேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியொன்றை முதலில் பெற்றுக்கொண்டு வருவாராக.